தொலையாத நிலாக்கள்

ஒரு பள்ளிக்கூடத்தின் தாளாளர் பொன்னம்பலத்தாருக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் கிடையாது. அதை அவரே சொல்லிக்கொள்வார். அறிவியல் கண்காட்சி அன்று காலையில், கூரையில் தொங்கவிட்டிருந்த கோள்களை அண்ணாந்து பார்த்தவர், ஆயா செங்கமலத்தைக் கூப்பிட்டார்.

"பூமிக்கு ஒரு நிலா, செவ்வாய்க்கு ரெண்டு, வியாழனைச் சுத்தி ஒரு கூட்டமே இருக்கு. புதனும் வெள்ளியும் மட்டும் மொட்டையாத் தொங்குது. நீதானே இந்த அறையைக் கூட்டினே? அதுங்களோட நிலாவெல்லாம் பத்து மணிக்குள்ள வரணும். இல்லேன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதே."

செங்கமலத்துக்குத் தலை சுற்றியது. உலகத்துக்கே நிலா ஒன்றுதான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். இங்கே என்னடாவென்றால் ஆளுக்கொரு கணக்கு. பெஞ்சுக்கு அடியில், வாளிக்குள், முறத்தில் எல்லாம் தேடிக் களைத்தாள். கடைசியில் அலுவலகத்து நோட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஐயா, காணாமப்போன சாமானைப் பேர் எழுதாமத் தேடக் கூடாதுன்னு நீங்கதான் சட்டம் போட்டீங்க. மத்த நிலாவுக்கெல்லாம் டீச்சர் பேர்ச்சீட்டு ஒட்டியிருக்காங்க. இதுங்க பேரையும் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

தாளாளர் பக்கத்தில் நின்ற டீச்சர் ரூபாவதியிடம் அறிவியல் புத்தகத்தை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினார். ரூபாவதி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, "புதனுக்கும் வெள்ளிக்கும் நிலாவே கிடையாது சார்" என்றாள்.

செங்கமலம் குழப்பம் தீராமல் கேட்டாள். "அப்போ, பிறக்காத பிள்ளையையா ஐயா நான் தொலைச்சேன்?"

தாளாளர் நோட்டை மூடினார். "போ, போய் வேலையைப் பாரு" என்றார்.