கவிழ்த்துக் காட்டிய கணினி

கணினி தான் எவ்வளவு நேரமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்பதைக் கடிகாரம் பார்த்துத் தெரிந்துகொள்கிறது என்று உலகம் நம்புகிறது. இது பெரும் பிழை. திருத்தாமல் மேலே செல்வது முறையாகாது. கணினிக்குள் கெர்னல் என்றொரு ஆதார நிரல் இருக்கிறது. விழித்த கணம் முதல் அது துடிப்புகளை எண்ணிக்கொண்டே போகும். வெளியே யார் மணியை மாற்றி வைத்தாலும் சட்டை செய்யாது. அணைத்தால்தான் போச்சு, மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும்.

மொச்சிக்குளம் பால் சங்கத்தாருக்கு, அங்கிருந்த கணினியை ஆய்வு செய்ய வந்த எஞ்சினியர் அம்மா இதைப் பொறுமையாகத்தான் விளக்கினார். "சுவர்க் கடிகாரத்தை நம்பாதீங்க. இந்தக் கணினியைத் தூங்க விடாதீங்க. அடுத்த ஆய்வு வரைக்கும் நிக்காம ஓடியிருந்தா பூவராகனுக்கு வேலை நிரந்தரம்" என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறினார்.

பூவராகன் அந்தக் கணினியைப் பார்த்துக்கொள்ளும் தற்காலிக ஊழியர். வேலை நிரந்தரமானால்தான் பெண் கொடுப்பேன் என்று மாமன் கறாராகச் சொல்லியிருந்தார்.

அன்றே கடிகாரத்தின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினார்கள். காலைப் பால் மத்தியானம் வந்து திரிந்தது. கணினி தூங்கிவிடாமல் இருக்க அதன் முன்னால் சூடாகக் காப்பி வைத்து, முறை போட்டு ஊர்வம்பு பேசினார்கள். செயலாளர் ஏகாம்பரம் தன் முறையில் தானே தூங்கிப்போனார். கணினி பார்த்துப் பழகிவிடும் என்று பயந்து பூவராகன் அவர் தலையில் ஒரு செம்புத் தண்ணீரைக் கொட்டினார்.

ஆய்வு நாள் வந்தது. ஒன்பது மாதமாக ஓடுவதாகத் திரை காட்டியது. பூவராகனுக்கு நெஞ்சு நிறைந்தது. தலைவர் வீரபாகுவுக்குத்தான் சந்தேகம்.

"ஏம்ப்பா, இது எண்ண ஆரம்பிச்சப்போ உள்ளே காலியா இருந்துச்சுன்னு யாராவது பாத்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை. அளவுக் குவளையைக் கவிழ்த்து, காலி என்று காட்டாமல் அந்தச் சங்கத்தில் ஒரு சொட்டுப் பால் அளந்தது கிடையாது.

"அந்தம்மா கேட்டா எந்த மூஞ்சியோட பதில் சொல்றது, தலைவரே?" என்றார் ஏகாம்பரம்.

பூவராகன் யோசித்துப் பார்த்தார். வேலை கைக்கு வரும் நேரத்தில் கள்ள அளவுக்காரன் என்று பெயர் வாங்கினால் மாமன் வாசல்படி ஏற்றமாட்டார். பூவராகனே எழுந்துபோய்க் கணினியை அணைத்தார், மறுபடி போட்டார். திரையில் பூஜ்யம். ஒவ்வொருவராக எட்டிப் பார்த்துத் திருப்தியோடு கைதட்டினார்கள்.

கால் மணி நேரத்தில் எஞ்சினியர் அம்மா வந்து திரையைப் பார்த்தார்.

"யார் இதை நிறுத்தினது?"

"நிறுத்தலைங்கம்மா" என்றார் பூவராகன் பணிவாக. "கவிழ்த்துக் காட்டினோம்."

அந்த அம்மாள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். அடுத்த ஆய்வில் பார்க்கலாம் என்று கிளம்பிவிட்டார்.

பூவராகன் இடிந்துபோய் உட்கார்ந்தார். அவருடைய ஒன்பது மாதம் எங்கே போயிற்று என்று சங்கம் கூடி ஆராய்ந்தது. கவிழ்க்கும்போது கீழே பாத்திரம் வைக்காததே தவறு என்று ஏகமனதாக முடிவாயிற்று. மேசைக்கு அடியில் துணி போட்டுத் துடைத்தும் பார்த்தார்கள்; ஈரம்கூட இல்லை.

"அடுத்த தடவை கேன் வச்சுட்டுக் கவுக்கணும்ப்பா" என்றார் தலைவர். "ஆனா ஒன்பது மாசம் ஒரு கேன்ல அடங்குமா?"

அடங்காது என்றுதான் பூவராகனுக்கும் பட்டது. ஆகவே அடுத்த ஆய்வன்று, சங்கத்தில் இருந்த கேன்கள் அத்தனையையும் கணினியைச் சுற்றி வைத்துவிட்டார். அன்று பால் கொண்டுவந்தவர்களைக் கேன் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.