பச்சை ஓலையும் ராசாவின் பல்லக்கும்

ரொம்ப காலத்துக்கு முன்னால் மருதங்குடிச் சீமையைச் சூரதேவன் என்றொரு ராசா ஆண்டுவந்தார். காலையில் ஒன்று சொல்வார், மாலையில் வேறொன்று சொல்வார்.

ஒருநாள் அவருக்குத் திடீரென்று ஓர் ஆசை. "இனி சனங்களே சட்டம் செய்யட்டுமா? அவர்களையே கேட்டுவிடுவோம்!"

ஊர் ஊராகத் தண்டோரா போட்டவன் மாசாணம். "இனி நீங்களே சட்டம் செய்யலாமா? சம்மதம் என்றால் பச்சை ஓலை, இல்லையென்றால் காய்ந்த ஓலை! குடத்தில் போடுங்கள்! உங்கள் ஓலைதான் தீர்ப்பு!" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

சனங்கள் நம்பினார்கள். ஏரித் தண்ணீர் அரண்மனைத் தோட்டத்துக்குப் போய் மிஞ்சினால்தான் வயலுக்கு என்று ஒரு பாழாய்ப்போன சட்டம் இருந்தது. மூன்று போகமாக வயல் காய்ந்து கிடந்தது. சட்டம் தங்கள் கைக்கு வந்தால் அதை மாற்றிவிடலாம் என்று நிறைமாதக்காரிகூட நடந்துவந்து ஓலை போட்டாள். குடங்களைக் கவிழ்த்தால் பத்துக்கு ஒன்பது பச்சை ஓலை!

பிரதானி நாகேசருக்கு வயிறு எரிந்தது. தோட்டத்துத் தண்ணீரில் பாதி அவருடைய தென்னந்தோப்புக்குத்தான் பாய்ந்தது. "மகாராசா, சனங்கள் சொன்னது வெறும் ஆலோசனை. அதைக் கேட்டே ஆகவேண்டுமா என்ன?" என்று ஓதினார்.

"அட, ஆமாம்!" என்று ராசா சிரித்தார். ஓலைகளைக் கொல்லையில் குவித்துக் கொளுத்தினார்கள். பச்சை ஓலைப் புகை ஊர் முழுக்கக் கண்ணைக் கரித்தது.

கடைத்தெருவில் ஒரு பெரியவர் மாசாணத்தின் முன்னால் காறித் துப்பினார். "பொய்யைக் கொட்டி முழக்கினாயே, வெட்கமாயில்லை?"

மாசாணத்துக்கு உடம்பெல்லாம் கொதித்தது. நேரே அரண்மனைச் சமையல்காரர்களிடம் போனான். பல்லக்குத் தூக்கிகளிடமும் காவலர்களிடமும் பேசினான். அவர்களும் ஓலை போட்டவர்கள்தானே!

மறுநாள் ராசா சாப்பிட உட்கார்ந்தார். வெறும் இலைதான் இருந்தது. "எங்கே சோறு?"

"சோறு போடச் சொல்கிறீர்கள். நல்ல ஆலோசனை மகாராசா. யோசித்துச் சொல்கிறோம்" என்றார் சமையல்காரர்.

ராசா வெகுண்டெழுந்து பல்லக்கில் ஏறினார். "சபைக்குத் தூக்குங்கள்!"

"நல்ல ஆலோசனை மகாராசா" என்று தூக்கிகள் கைகட்டி நின்றார்கள்.

உச்சி வெயிலில் நடந்தே சபைக்கு வந்தார் ராசா. அங்கே மாசாணம் நின்றான்.

"இவன் வேலைதான் இது! பிடித்துக் கட்டுங்கள்!" என்று நாகேசர் அலறினார்.

காவலர்கள் அசையவில்லை. "உங்கள் ஆலோசனையைக் கேட்டுக்கொண்டோம், ஐயா."

"நான் சொல்வது ஆணையடா!" என்று ராசா கர்ஜித்தார்.

"அதைச் செய்ய நாலு கை இருக்கிறவரைக்கும்தான் ராசா அது ஆணை!" மாசாணம் கோபத்தோடு முன்னால் வந்தான். "அந்தக் கைகள் போட்ட ஓலையைத்தான் கொளுத்திவிட்டுச் சிரித்தீர்கள்!"

ராசாவை ஒரு பக்கம் பசி தின்றது, மறுபக்கம் வெட்கம் தின்றது. கடைசியில் தலை நிமிர்ந்தார். "இன்றுமுதல் சனங்கள் செய்வதே சட்டம். நாகேசரே, தண்டோராவைக் கழுத்தில் மாட்டும். ஊர் ஊராக நடந்துபோய் நீரே இதைச் சொல்லும்."

பிறகு தன் கையிலிருந்த தங்கக் கடகத்தைக் கழற்றி நீட்டினார். "வாங்கிக்கொள் மாசாணம். கோபம் தணிந்ததா?"

"வயலுக்கு ஏரி மதகு திறந்த பிறகு கேளுங்கள், ராசா."

கடகத்தைத் தொடாமலே மாசாணம் வெளியே நடந்தான். ராசா ஒரு கணம் நின்றார். பிறகு செருப்பைக்கூடத் தேடாமல், அவன் பின்னாலேயே ஏரிக்கரைக்கு நடந்தார்.