வெட்ட வெட்ட இரண்டாகும் சங்கங்குப்பி

செடிகொடிக்கும் வாய் இருந்த காலத்தில், இன்று வேலிக்கு நடுகிற சங்கங்குப்பிச் செடி இப்படி அடர்ந்த புதராக இருக்கவில்லை. ஆற்றங்கரையில் ஒற்றைக் குச்சியாக நெட்டென்று வளர்ந்து, உச்சியில் மட்டும் கொஞ்சம் இலை வைத்துக்கொண்டு நிற்கும். ஓணானும் அப்போது வேலி ஏறவில்லை. ஏறுவதற்கு வேலி ஏது? அந்த ஊரில் எந்த வீட்டுக்கும் மறைப்பு கட்டக்கூடாது என்பது மணியக்காரர் சடையாண்டியின் உத்தரவு.

ஒளிவு மறைவு இல்லாத ஊர் என்று சந்தைக்குச் சந்தை பெருமை பேசுவார். மண்சுவர் கூடாது, ஓலைத் தட்டி கூடாது. ஒரு பழைய சேலையைக் கொடியில் குறுக்கே போட்டால்கூட ஆள் வந்து உருவிவிட்டுப் போவான். பெண்கள் விடியுமுன் கிணற்றடிக்கு ஓடி, கட்டின சேலையோடு அவசரமாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அதற்குப் பெயர் குளியல்.

மணியக்காரர் எட்டிப் பார்க்கிறவர் இல்லை. கௌரவமான மனிதர். பார்த்து வந்து சொல்வதற்கு ஓணானை வைத்திருந்தார். யார் வீட்டில் என்ன குழம்பு, எவள் யாரோடு சிரித்தாள், எவள் முடியை விரித்துப்போட்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள், எல்லாம் சாயங்காலத்துக்குள் அவர் காதுக்குப் போய்விடும். மறுநாள் ஊர்க்கூட்டத்தில் பேர் சொல்லாமல் சொல்வார். பேர் எல்லோருக்கும் தெரியும்.

அரியநாச்சி அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த புதிதில் ஒரு மத்தியானம் எண்ணெய் தேய்த்து, கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து, பாடிக்கொண்டே குளித்துவிட்டாள். சில வீடுகளில் எண்ணெய் முழுக்குக்குக் கச்சேரி வேறு நடக்கிறதாம் என்று கூட்டத்தில் சொன்னார் மணியக்காரர். ஊரே சிரித்தது. யாரைச் சொல்கிறார் என்று தெரியாமல் அவள் புருஷன் முத்திருளனும் சேர்ந்து சிரித்தான்.

தெரிந்த பிறகு வீட்டுக்கு வந்து, "நமக்கு எதுக்கு வம்பு? பாடாமக் குளியேன்" என்றான்.

"நான் என் வீட்டுக் கிணத்தடியில, பட்டப்பகல்ல, பாடிக்கிட்டுத்தான் குளிப்பேன்" என்றாள் அரியநாச்சி. "இதுக்கு அவர்கிட்டயும் கேக்க மாட்டேன், உங்ககிட்டயும் கேக்க மாட்டேன்."

நேராக மணியக்காரர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"உங்க வீட்டைச் சுத்தி மட்டும் ரெண்டாள் உயரத்துக்கு மதில் இருக்கே, மணியக்காரரே?"

"அது மதில் இல்லம்மா. மரியாதை."

"அந்த மரியாதையில எனக்கும் கொஞ்சம் வேணும்."

கட்டினால் இடிப்பேன் என்றார் அவர். கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். கட்டத்தானே கூடாது? நடுவதைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை.

முதலில் செம்பருத்தியிடம் போனாள். அது தேனாகப் பேசியது. வருகிறேன், ஆனால் பூப் பறிக்க வருகிறவர்களையோ இலை தின்ன வருகிற ஆட்டையோ வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது என்றது. ஊரையே கூட்டி வருகிற மறைப்பு எதற்கு என்று அதை விட்டுவிட்டாள். அடுத்துக் கேட்ட கிளுவை மரம், முள்ளும் வீறாப்புமாக நின்றது. எல்லாம் சரி, கோடையில் மட்டும் இலையைக் கொட்டிவிட்டு ஓய்வெடுப்பேன் என்றது. "கோடையிலதான் நான் ரெண்டு வேளை குளிப்பேன். அப்ப நீயே துணியில்லாம நின்னா என்னை எப்படி மறைப்பே?" என்று கேட்டுவிட்டு நடந்தாள்.

கடைசியில் ஆற்றங்கரைச் சங்கங்குப்பி. எந்த வெயிலிலும் அதன் பச்சை மாறியதில்லை. ஆடு அதன் பக்கம் மூக்கைக்கூட நீட்டாது.

"என்னை யாரும் வீட்டுக்குக் கூப்பிட்டதில்ல" என்றது அது. "என் இலை நாறும்."

"உன்னைக் கசக்குறவனுக்குத்தானே நாறும்? வா."

கிணற்றடியைச் சுற்றி வரிசையாக நட்டாள். மழைக்காலம் முடிவதற்குள் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டது. அரியநாச்சி நிம்மதியாக உட்கார்ந்து, முகத்துச் சீயக்காயைக் கழுவிவிட்டுக் கண்ணைத் திறந்தால், எதிரே ஓணான். தண்டுகளுக்கு நடுவே மண்டபத் தூண்களுக்கு ஊடே வருவதுபோல வந்து உட்கார்ந்திருந்தது.

செடியைத் திட்டினாள். அது சொன்னது: "வெயில் மேலதானே இருக்கு, மேலதான் போவேன். காலடியில எனக்கு என்ன இருக்கு?"

"ஓணான் இருக்கு."

இதற்குள் மணியக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. தன் உத்தரவை ஊருக்கு வாழ வந்த ஒருத்தி சுற்றிக்கொண்டு போய்விட்டாளே. அரிவாளும் கையுமாக, பின்னால் ஊரையும் கூட்டிக்கொண்டு வந்தார். இடுப்புக்கு மேல் எந்தப் பச்சையும் நிற்கக்கூடாது என்று புது உத்தரவு போட்டார். வெட்டினால் செத்துப்போவேன் என்று செடி நடுங்கியது.

அரியநாச்சி அவர் கையிலிருந்த அரிவாளை வாங்கினாள். இடுப்பளவுக்கு இல்லை, முழங்காலளவுக்கு, வரிசை முழுவதையும் அவளே வெட்டிச் சாய்த்தாள். புத்தி வந்துவிட்டது என்று மணியக்காரர் சிரித்துக்கொண்டே போனார்.

அவர் போனதும் வெட்டுப்பட்ட செடியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"கோபம் வருதா?"

"வருது."

"அது போதும். வெட்டின இடத்துல எல்லாம் ரெண்டா வா. மேல போறதுக்கு முன்னாடி காலடியை அடை."

அப்படியே வந்தது. ஒன்று போன இடத்தில் இரண்டு துளிர். மணியக்காரர் மறுபடி வந்து வெட்டினார். இரண்டும் நான்காயின. வெட்ட வெட்ட அடியிலிருந்து நெருங்கி, விரல் நுழைய இடமில்லாமல் போனது. கூலி கேட்காத தோட்டக்காரர் என்று அரியநாச்சி அவர் காதுபடவே சொன்னாள். அவரோ, ஊர் பார்க்கட்டும் என்று வெட்டின குச்சிகளைத் தெருவில் வாரி இறைத்தார்.

ஊர் பார்த்தது. அடுப்புக்கு என்று சொல்லி ஒவ்வொருத்தியும் ஒரு கை அள்ளிக்கொண்டு போனாள். ஒரு குச்சிகூட அடுப்புக்குப் போகவில்லை. ஈர மண்ணில் செருகினார்கள், பிடித்துக்கொண்டது. பிறகு எத்தனை வீட்டில் போய் வெட்டுவார்? கை கொப்புளித்து, அரிவாள் மழுங்கி, அவர் மதிலுக்குள் போய் உட்கார்ந்தார். வீட்டுக்கு வீடு பச்சைச் சுவர் தலைக்கு மேல் எழும்பியது.

வேலை போய்விடுமே என்று ஓணான் தெருத்தெருவாகச் சந்து தேடி அலைந்தது. கிடைக்கவில்லை. கடித்தாவது ஓட்டை போடலாம் என்று அரியநாச்சியின் வேலியில் ஓர் இலையைக் கவ்வி மென்றது. அந்தக் கசப்பும் நாற்றமும் தொண்டையில் இறங்கி எரிந்தன. கழுத்து சிவந்து வீங்கிவிட்டது. மணியக்காரரிடம் ஓடியது. என்ன பார்த்தாய் என்று கேட்டார். வார்த்தை வரவில்லை, தலைதான் ஆடியது. ஆமாவா இல்லையா என்று அதட்டினார். அதற்கும் தலைதான் ஆடியது. அன்றைய கூட்டத்தில் சொல்வதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. ஊர் எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

ஒரு மத்தியானம் அரியநாச்சி எண்ணெய் தேய்த்து, முடியை அவிழ்த்துவிட்டு, பாடிக்கொண்டே குளித்தாள். கீழே வழி இல்லாத ஓணான் வேலியின் உச்சிக்கு ஏறி எட்டிப் பார்த்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். சேலையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, பாட்டை நிறுத்தவும் இல்லை. பாட்டின் அடி முடிந்த பிறகுதான் பேசினாள்.

"நல்லாப் பாத்துக்கோ. போய்ச் சொல்லு."

அந்தக் காலம் தொட்டுத்தான் சங்கங்குப்பி, வெட்டின இடத்தில் எல்லாம் ஒன்றுக்கு இரண்டாகத் துளிர்க்கிறது; ஓணான் வேலி மேல் ஏறிக் கழுத்துச் சிவக்க, சொல்ல முடியாத சேதிக்கு இன்றைக்கும் தலையாட்டிக்கொண்டிருக்கிறது.