மூக்கையா வாத்தியாரின் நாலாவது வழியனுப்பு

கருவேல நாட்டை ஒரு காலத்தில் சண்டமாருதன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் போட்ட உத்தரவை மத்தியானச் சாப்பாட்டுக்குள் மாற்றிவிடுவார்.

அரண்மனைச் சடுகுடு அணிக்கு நாற்பது வருஷமாக மூக்கையாதான் வாத்தியார். வயது எழுபத்தாறு. ஊருக்கே அவர்மேல் உயிர். மூன்று தடவை வழியனுப்பு விழா நடந்தது. யானை வந்தது, மாலை விழுந்தது, ஜனங்கள் அழுதார்கள், ராஜாவும் அழுதார். அழுத கையோடு, "இன்னும் ஒரு வருஷம் இருங்கள்" என்று சொல்லிவிட்டார். மூன்று தடவையும்.

இதில் வயிறெரிந்தவர் சபைப் பிரமுகர் அம்பலத்தரையர். அந்த வேலையை மைத்துனனுக்கு வாங்கித் தருவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தார்.

"கிழவர் ஆட்டத்தின் நடுவில் தூங்குகிறார், அரசே. அனுப்பிவிடுங்கள்."

"பிறகு அணி எப்படி ஜெயிக்கிறது?"

"கள்ளச் சைகை. விரலை ஆட்டி ஆட்டக்காரர்களுக்கு வழி சொல்கிறார். விதிப்படி குற்றம்."

"தூங்கிக்கொண்டேவா?" என்றார் மந்திரி மருதவாணர்.

சபை சிரித்தது. ராஜாவுக்கு எரிச்சல்.

"மந்திரியாரே, அவர் போகவேண்டிய நாள் எது? வெள்ளிக்கிழமை அண்டை நாட்டோடு ஆட்டம். அது முடிந்ததும் சொல்லும். சைகை நிஜமென்றால் அவரைக் கழுதைமேல் ஏற்றி அனுப்புவேன். பக்கத்துக் கழுதை உமக்கு."

மந்திரி நேரே வாத்தியார் வீட்டுக்குப் போனார். மூக்கையா முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரே, நீங்கள் எப்போது போகவேண்டும் என்று நாடே பேசுகிறது. உங்களை யாராவது கேட்டார்களா?"

"இல்லீங்க. மாலைதான் போட்டாங்க."

"நான் கேட்கிறேன்."

"முழங்கால் ரெண்டும் எப்பவோ ஓய்வு வாங்கிருச்சு. மிச்சம் நான்தான். பசங்களுக்கும் இனி என்னால ஆகவேண்டியது ஒண்ணுமில்ல. சொன்னா யாரு நம்புறா? ஆனா திருட்டுப் பேரோட போகமாட்டேனுங்க."

மந்திரிக்கு அது போதும். "உங்கள் தலைப்பாகையையும் சால்வையையும் கொடுங்கள்" என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஆட்டம் தொடங்கிவிட்டால் மூக்கையா வாய் திறக்கமாட்டார். எதிர்க்கோடியில், குடையடியில், தலைப்பாகையைப் புருவம்வரை இறக்கி, சால்வையைப் போர்த்திக்கொண்டு சிலைபோல உட்கார்ந்திருப்பார். அன்றும் குடையடியில் ஓர் உருவம் அப்படியே இருந்தது.

அரையர் ராஜாவின் காதருகே குனிந்தார். "பார்த்தீர்களா? இடது சுண்டுவிரல் ஆடியது. இதோ, மீசையைத் தடவுகிறார். 'காலைப் பிடி' என்று அர்த்தம்."

"நிச்சயமாகப் பார்த்தீரா?"

"இந்த இரண்டு கண்ணால். என் மைத்துனனும் பார்த்தான்."

மைத்துனன் கழுத்து வலிக்கத் தலையாட்டினான்.

கருவேல நாடு ஜெயித்தது. ராஜா கொதித்துப்போய் மைதானத்தைக் கடந்தார். வாத்தியாரின் தோளைப் பிடித்து உலுக்கினார். தலை கழன்று கையில் விழுந்தது.

உள்ளே வைக்கோல். கை இரண்டும் துடைப்பக்கட்டை.

ராஜா தலையைப் பார்த்தார். அரையரைப் பார்த்தார்.

"எந்த விரல், அரையரே?"

அரையர் தம் விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நிஜ மூக்கையா வந்தார், கையில் பாதி தின்ற கரும்போடு. "நாப்பது வருஷத்துல இன்னிக்குத்தான் ஆட்டத்தை நிம்மதியாப் பார்த்தேன்" என்றார்.

மந்திரி வணங்கினார். "நாள் கேட்டீர்களே, அரசே. தம் இடத்தில் வைக்கோல் உட்கார்ந்தாலும் அணி ஜெயிக்கும் என்ற அளவுக்கு வாத்தியார் சொல்லிக்கொடுத்து முடிக்கிற நாள். அது இன்றுதான்."

ராஜா வைக்கோல் தலையை மந்திரியின் முன்னால் ஆட்டினார். "என் சிம்மாசனத்திலும் வைக்கோலை வைத்துப் பார்ப்பீரோ?"

"இன்னும் அளவெடுக்கவில்லை, அரசே."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். கழுதை ஒன்றுதான் கிடைத்தது. அரையரும் மைத்துனனும் அதிலேயே நெருக்கி உட்கார்ந்து ஊர்வலம் போனார்கள்.

வாத்தியாருக்கு யானை வந்தது. மாலை விழுந்தது. ஜனங்கள் அழுதார்கள். ராஜாவுக்கும் கண் கலங்கியது.

"வாத்தியாரே, இன்னும் ஒரே ஒரு வருஷம்..."

மூக்கையா வைக்கோல் பொம்மையைத் தூக்கி ராஜாவின் கையில் கொடுத்தார்.

"இவரை வச்சுக்குங்க, ராஜா. இதுவரைக்கும் ஒரு ஆட்டம்கூடத் தோத்ததில்ல."

சொல்லிவிட்டு யானைமேல் ஏறிவிட்டார். ராஜா சிரித்து முடிப்பதற்குள் யானை தெருமுனை திரும்பிவிட்டது.