உப்பில்லாச் சாயம்

"திருட்டுப் பசங்க டீச்சர்! பச்சைத் திருட்டு!"

சென்னியப்பன் கடிதத்தை மேஜைமேல் வீசினார்.

ஈரோட்டில் சாயப்பட்டறை வைத்திருப்பவர். வழக்கமாகச் சேர்க்கும் உப்பே போடாமல் பருத்தி நூலில் சாயம் ஏற்றும் முறை அவரிடம் இருந்தது. அதற்கு ஆதரவு கேட்டு மூன்று வருஷம் அரசு அலுவலகப் படிகளில் ஏறி இறங்கினார். ஒருவரும் கோப்பைத் திறக்கவில்லை. கடைசியில் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு எழுதினார்.

தமயந்தி டீச்சர் அவரைவிடப் பத்து வயது சிறியவர். காப்புரிமை விண்ணப்பம் எழுதச் சொல்லித்தருபவர். கடிதத்தைப் படித்தார்.

வெளிநாட்டுக் காப்புரிமைக்கு உதவக் கம்பெனி தயார். கண்டுபிடித்தவர்களாக அவர்களுடைய விஞ்ஞானிகள் இருவர் பெயர் இருக்கும். சென்னியப்பனுக்குக் கடைசிப் பக்கத்தில் நன்றி.

"நன்றியாம், நன்றி! சாயம் ஏன் நிக்குதுன்னு அவனுகதான் கண்டுபிடிச்சானுகளாமா. அதனால அவனுக பேராமா!"

"பதில் எழுதுங்க சார்."

"என்னன்னுங்க?"

"இப்பக் கத்தினதையே."

எழுதினார். பேனா முனை இரண்டு இடத்தில் தாளைக் கிழித்தது. உரக்க வாசித்தார்.

"ஐயா, காரணம் சொல்லத் தெரிந்துவிட்டால் கண்டுபிடிப்பு உங்களுடையதாகிவிடுமா? கொதிக்கிற தொட்டி முன்னால் நின்றது நீங்களா? உங்கள் நன்றியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என் பெயரைப் போடுங்கள்."

"நல்லா இருக்கு. நீங்களே தனியா அனுப்பப்போற விண்ணப்பம் எங்க?"

"இந்தாங்க. நாளைக்குப் போயாகணுமுங்க."

டீச்சர் புரட்டினார். கண்டுபிடித்தவர்: சென்னியப்பன். கடைசிப் பக்கத்துக்குப் போனார். நன்றி: மயிலாத்தாள், தொட்டி வேலை.

"இவங்க யாரு?"

"நம்ம பட்டறைல வேலை பாக்கறவதானுங்க. உப்புல கை புண்ணாவுதுன்னு, நூலைப் புளிச்ச கஞ்சியில ஊறப்போட்டுப் பாத்திருக்கா. சாயம் நின்னுக்கிச்சு."

"சரி."

"ஆனா ஏன் நின்னுச்சுன்னு அவளுக்கு என்னங்க தெரியும்? புளிப்புதான் காரணம்னு நான்தானுங்களே..."

சென்னியப்பன் எழுதிய பதிலை டீச்சர் எடுத்தார். மேலே இருந்த கம்பெனியின் முகவரியை அடித்தார். சென்னியப்பனின் முகவரியை எழுதி அவர் பக்கம் தள்ளினார்.

அவர் படித்தார். முகம் காது வரை சிவந்தது.

"என்னையவே திருடன்ங்கறீங்களா?"

"நான் எங்க சொன்னேன்? எழுதினது நீங்க. முகவரி மட்டுந்தான் நான் மாத்தினேன்."

தாளின் அடிப்பகுதியை விரலால் தட்டினார். குத்தலாகக் கேட்டார்:

"கையெழுத்தே இல்லாத கடுதாசிக்கு என்னங்க மதிப்பு?"

டீச்சர் கடிதத்தின்மேல் தன் பேனாவை வைத்தார்.

"மயிலாத்தாள்கிட்ட கொண்டுபோய் வாசிச்சுக் காட்டி, அவங்க கையெழுத்தை வாங்கிட்டு வாங்க. தொட்டிகிட்டதான் நிப்பாங்க."