ஆறும் வரை பிடித்த கை

அந்தக் காலத்தில் வெட்டிய மரமும் வாய் திறந்து பேசும். கேட்கத்தான் ஆட்களுக்குப் பொறுமை இருக்காது.

ஒரு மலைச் சரிவில் செம்பி என்றொருத்தி இருந்தாள். தினை முற்றும் சமயத்தில் அவள் புருஷன் கரியனின் தொடையைக் காட்டுப்பன்றி கிழித்துவிட்டது. அவனுடைய வில்லும் அன்றே முறிந்தது. இருக்கிற தினையும் பன்றிகளுக்குப் போனால் மழைக்காலம் முழுக்கப் பட்டினிதான். அதனால் செம்பியே ஒரு சடச்சி மரக்கிளையை வெட்டிச் சீவி, நாண் ஏற்றினாள்.

வில்லின் மேல்பாதி ஒரு பக்கமாய் முறுக்கிக்கொண்டு நின்றது. நாண் நடுவில் நிற்காமல் விளிம்புக்குச் சரிந்தது. எய்த அம்பு எங்கோ போனது. அவள் ஆத்திரத்தில் வில்லை முழங்காலில் வைத்துத் திருகினாள்.

"வலிக்குது" என்றது வில். "நான் பாறை நிழல்ல முளைச்சவ. வெளிச்சம் பார்க்கத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பித்தான் வளர்ந்தேன். அதைச் சட்டுனு மறந்துடுன்னா ஒடிஞ்சுதான் போவேன்."

செம்பிக்கு வெட்கமாகிவிட்டது. ஆமணக்கெண்ணெய் தடவி, தணலுக்கு மேலே பதமாகச் சூடு காட்டினாள். மரம் இளகியது. நேராக்கிவிட்டுக் கையை எடுத்தாள். அது பாதி தூரம் பழையபடி திரும்பிக்கொண்டது. நேரே நிறுத்தினால் போதாது, எதிர்ப்பக்கம் கொஞ்சம் கூடவே திருப்பி, சூடு ஆறும் வரை விடாமல் பிடி என்று வில்லே சொல்லிக் கொடுத்தது.

மறுபடி சூடு காட்டித் திருப்பிப் பிடித்தாள். அந்த நேரம் பார்த்துத் தினைக்காட்டில் பன்றிகள் இறங்கின. வாசலில் கிடந்த கரியன் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் அவள் பிடி தளர்ந்து, மரம் நழுவப் பார்த்தது. ஓடிப்போய்க் கல்லெறியலாம். ஆனால் வில் போய்விடும். பன்றி நாளைக்கும் வரும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தாள். கூப்பிட்டுக் களைத்த கரியன் பன்றிகளை விரட்டத் தானே தவழ்ந்து போனான்.

வில் ஆறியபோது பாதித் தினை போயிருந்தது. செம்பி நாண் ஏற்றினாள், நடுவில் நின்றது. முதல் அம்பிலேயே பெரிய பன்றி விழுந்தது, மற்றவை ஓடிவிட்டன.

கரியன் புண் பிரிந்து மண்ணில் கிடந்தான். அவனைத் தூக்கும்போது அவளுக்கு அழுகை வந்தது.

"இவ்வளவு கூப்பிட்டும் வரலையேன்னு நினைச்சிருப்பே."

"நினைச்சேன்" என்றான் அவன். வில்லை வாங்கி நாணைத் தடவிப் பார்த்தான். "நான் கூப்பிட்டிருக்கக் கூடாது, செம்பி."

அன்று முதல்தான், சூடு காட்டிய வில்லைத் திருப்பிப் பிடித்திருப்பவரை அந்த மலையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பன்றியே வந்தாலும், பார்த்தவர்தான் போய் விரட்டவேண்டும்.