வண்டிய நீயே வச்சுக்கோ

ஆறுமுகநயினாரின் பெரிய மாமா ஒரு பேச்சு பேசுவார். "ஊர விட்டுப் போறவன் சாவிய யார்ட்ட குடுத்தோம்னு மட்டும் பாக்கப்படாது, குடுக்கும்போது என்ன..." அதற்கு மேல் என்ன சொன்னார் என்பது நயினாருக்கு நினைவில்லை. கேட்ட வயதில் கையில் சாவியும் இல்லை, போவதற்கு ஓர் ஊரும் இல்லை.

இப்போது நாற்பத்தெட்டு வயது. தோஹாவில் ஆள் குறைத்தபோது அவரையும் குறைத்துவிட்டார்கள். அம்பாசமுத்திரத்தில் அக்கா காந்திமதி வீட்டில் பெட்டியை இறக்கிவைத்தவர், அதைப் பிரிக்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தார். சேமிப்பு என்று பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. வெளிநாடு போகுமுன் வாங்கிய லோடு வண்டி ஒன்று இருந்தது. இனி அதை ஓட்டித்தான் பிழைப்பு என்ற ஒரே நினைப்பில் வந்திருந்தார்.

வண்டிக்கு அந்த வருஷ வரி கட்டக் கடைசி நாள் அன்று. கைபேசியில் வண்டி நம்பரைப் போட்டார். சேஸிஸ் நம்பரின் கடைசி எழுத்துகளைக் கேட்டது, போட்டார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருவழியாகப் பக்கம் திறந்தபோது, உரிமையாளர் என்ற இடத்தில் நான்கைந்து நட்சத்திரப் புள்ளிகளுக்கு நடுவே அவர் பெயரின் துண்டு துணுக்குகள் எட்டிப் பார்த்தன. ஒரு வருஷம்கூடப் பாக்கியில்லை. வெளிநாடு போனபின் எந்த வருஷமும் அவர் கட்டியதும் இல்லை. கட்டணப் பொத்தானை அழுத்தினார். ஓடிபி வேறு யாருடைய கைபேசிக்கோ போயிற்று. யாருடையது என்று ஊகிக்க அவருக்கு நேரமாகவில்லை. வண்டியை ஓட்டிவரும் சொரிமுத்துவைப் போனில் கூப்பிட்டார்.

"ஏ சொரிமுத்து, உனக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும். சொல்லு."

"வந்திருக்கு அண்ணாச்சி. அத நீங்க எதுக்குக் கேக்கிய? வருசா வருசம் நாந்தான கட்டுதேன்."

"இந்தத் தடவ நான் கட்டுதேன்."

சொரிமுத்து போனை வைத்துவிட்டான். சற்று நேரத்தில் வாழைத்தாரோடு வண்டியே வாசலில் வந்து நின்றது. சொரிமுத்து இறங்கினான். ஒரு காலைச் சற்று இழுத்துத்தான் நடந்தான்.

வெளிநாடு புறப்பட்ட அன்று, பஸ் ஸ்டாண்டில் வைத்து, அப்போது டிரைவராக இருந்த சொரிமுத்துவின் கையில் சாவியைத் திணித்து நயினார் சொன்னது இதுதான்: "வண்டிய நீயே வச்சுக்கோ." படியில் ஏறியபடி அக்காவிடம், "பாத்துக்கோக்கா" என்றார். பஸ் கிளம்பிவிட்டது.

"வச்சுக்கோன்னிய, வச்சுக்கிட்டேன்" என்றான் சொரிமுத்து. "ரெண்டு தடவ இஞ்சின இறக்கி வேல பாத்திருக்கேன். டயரு, பாடி எல்லாம் என் காசு. இதுல உங்க காலத்துச் சாமான்னு மிச்சம் இருக்கது கண்ணாடியில ஒட்டுன சாமி படம் மட்டுந்தான். எம் புள்ளைக இதுலதான் வளந்துச்சு. இத விட்டா எனக்கு என்ன இருக்கு?"

"ஏய்யா, நீ கால ஒடிச்சிட்டுக் கெடந்தப்போ வண்டி இந்த வாசல்லதான கெடந்துது? அதுக்குள்ள கோழி முட்ட போட்டுது. அப்போ வரி யாரு கட்டுனா?" என்றாள் காந்திமதி. "இவன் பேரச் சொல்லி எவனும் வாசல்ல வந்து நிக்கப்படாதுன்னு வளையல அடகு வச்சுக் கட்டுனேன், இன்னும் மீட்டபாடில்ல. வண்டி எனக்கு வரட்டும். எம் மருமவன் ஓட்டுவான்."

"ஆசுபத்திரிக் கட்டில்ல கெடந்துக்கிட்டு ஓடிபிய நாந்தான சொன்னேன்?"

"ஆமா, பெரிய ஓடிபி! அதுக்கென்ன காசா பணமா?"

நயினாருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் அலுப்பாக இருந்தது.

"நான் குடுத்திருந்தா பேர மாத்திக் குடுத்திருப்பேன்லா, சொரி?"

"நீங்க மாத்தித் தாரேன்னும் சொல்லல. நான் கேக்கவுமில்ல."

அது உண்மை. வரி கட்டியதும் சொரிமுத்து ரசீதைப் படம் பிடித்து, "கட்டியாச்சு அண்ணாச்சி" என்று அனுப்புவான். நயினார் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு ஷிஃப்ட்டுக்குப் போய்விடுவார். எவ்வளவு ஆயிற்று என்று கேட்டதில்லை. வண்டி எவ்வளவு சம்பாதிக்கிறது என்றும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

வேறு சொல்லில் சொல்லியிருந்தால், சொந்தமாகக் கொடுத்தேனா, பார்த்துக்கொள்ளக் கொடுத்து வைத்தேனா என்று சொல்லும்போதே ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். 'வச்சுக்கோ' அந்தச் சிரமத்தை அவருக்கு வைக்கவில்லை. பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் எதை நினைத்துச் சொன்னோம் என்று யோசித்துப் பார்த்தார். சத்தியம் செய்து சொல்லும்படி ஒன்றும் அகப்படவில்லை.

ஓடிபியின் நேரம் முடிந்து, பக்கம் தானாக மூடிக்கொண்டது.

வண்டி இருப்பது நயினார் பேரில். ஓட்டிக் காப்பாற்றியது சொரிமுத்து. இக்கட்டில் வரி கட்டியது காந்திமதி. கேட்டுக்கொண்டிருக்கும் நீங்களே சொல்லுங்கள்: இந்த வண்டி யாருக்குச் சேர வேண்டும்?

விடை: காந்திமதி வளையலை அடகு வைத்தது தம்பியின் பேர் கெடக்கூடாது என்று. அந்தக் கடனைத் தம்பி தீர்க்க வேண்டும், அதற்கு வண்டி ஈடாகாது. சொரிமுத்து ரசீது அனுப்பியதைப் பார்த்து, அவன் முதலாளிக்குக் கணக்கு ஒப்பித்தான் என்று சிலர் சொல்லக்கூடும். கணக்கு ஒப்பிக்கிறவன் வரவையும் சொல்வான். 'உங்கள் பேருக்குப் பங்கமில்லை' என்பதை மட்டுமே அவன் சொல்லிக்கொண்டிருந்தான். 'வச்சுக்கோ' என்றவர் என்ன நினைத்தார் என்பதை அவரது பிந்தைய நடத்தையில்தான் தேட வேண்டும். தன் வண்டி என்று நினைத்திருந்தவர் இத்தனை காலத்தில் ஒரு நடை வாடகையாவது கேட்டிருப்பார். நயினார் கேட்கவில்லை; ஆகவே வண்டி சொரிமுத்துவுக்கே. நயினார் மறுபடி வண்டி நம்பரைப் போட்டு, சொரிமுத்துவிடம் ஓடிபி கேட்டு, அந்த வருஷ வரியைக் கட்டினார். மறுநாள் வண்டியை அவன் பேருக்கு மாற்றக் கையெழுத்துப் போட்டார். மிஞ்சியிருந்த பணத்தில் அக்காவின் வளையலை மீட்டுக் கொடுத்தார். திங்கள்கிழமையிலிருந்து சொரிமுத்துவிடம் கூலிக்கு வண்டி ஓட்ட வருவதாகச் சொன்னார்.